கதவடியில் ஒரு சென்டிமீட்டர்: குளியலறைக் காற்று பற்றி வாசகர் கேள்விகள்

நம் மொரீஷியஸில் ஜூலைக் குளிர் பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஈர வாசனை அடிக்கும். கூரையில் கறுப்புப் புள்ளி, துவாலை காயவில்லை, கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, அலமாரியில் வைத்த பட்டுப்புடவை முக்கல் நாற்றம் நாறுகிறது, இப்படியே. இந்த முறை குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் பதில். மாடி ஒழுகுவது பற்றி எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன.

அண்ணா, எங்கள் குளியலறையில் போன வருடம் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டோம். நல்ல விலை கொடுத்து வாங்கியதுதான். ஆனாலும் கூரை மூலையில் பூசணம் திரும்பத் திரும்ப வருகிறது, இரண்டு முறை பெயின்ட் அடித்தாகிவிட்டது. இன்னும் பெரிய ஃபேன் வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். வெளியிலேயே எந்நேரமும் தூறலும் மூட்டமுமாக இருக்கிற ஊரில் ஃபேன் போட்டு என்ன ஆகப்போகிறது என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி? வீட்டை நாங்கள் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம், கரப்பான் வராமல் இருக்கக் கதவடியில் ரப்பர் பட்டைகூட ஒட்டியிருக்கிறோம்.
வாசகி, கியூர்பிப்

தங்கச்சி, கடைசி வரியில் நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள். அந்த ரப்பர் பட்டைதான்.

ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறது என்று நினைக்கிறோம், அது பாதி உண்மை. எவ்வளவு காற்று உள்ளே வருகிறதோ அவ்வளவுதான் வெளியே போகும். கதவைச் சாத்தி, அடியில் ரப்பரும் ஒட்டி, ஜன்னலையும் மூடிவிட்டால் ஃபேன் சுற்றும், சத்தம் வரும், காற்று மட்டும் நகராது. பெரிய ஃபேன் வாங்கினால் பெரிய சத்தம் வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்பிக்கை இல்லையென்றால் பூஜை அறையிலிருந்து ஓர் ஊதுவத்தியை எடுத்து வாருங்கள். ஃபேனைப் போட்டு, கதவைச் சாத்தி, உள்ளே தரையில் உட்கார்ந்து ஊதுவத்தியைக் கதவடியில் பிடியுங்கள். காற்று வருகிறதென்றால் புகை படுத்துக்கொண்டு உங்கள் பக்கமாக ஓடும். நேராக மேலே எழும்பினால் உள்ளே ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஒரு டிஷ்யூ பேப்பரை ஒரே அடுக்காகப் பிரித்து ஃபேனின் வாயில் வைத்துக் கையை எடுங்கள். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உங்கள் வீட்டில் அது விழும் என்று என்னால் இங்கிருந்தே சொல்ல முடியும். இப்போது கதவை ஒரு கை அகலம் திறந்துவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள், பக்கென்று ஒட்டிக்கொள்ளும். ஃபேன் மேல் குற்றமில்லை.

எவ்வளவு இடைவெளி வேண்டும்? கணக்கு சுலபம். குளியலறைக் கதவு சுமார் 76 சென்டிமீட்டர் அகலம். அடியில் ஒரு சென்டிமீட்டர் விட்டால் 76 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கிறது. உங்கள் ஃபேன் 100 மில்லிமீட்டர் குழாய் என்றால் அதன் வாய் 78 சதுர சென்டிமீட்டர் பக்கம் வரும். கிட்டத்தட்ட சரிக்குச் சரி. டைல்ஸ் போட்ட பிறகு, மேலே மிதியடியும் போட்ட பிறகு மிஞ்சுகிற இடைவெளியைத்தான் அளக்க வேண்டும், கதவு மாட்டிய அன்று இருந்ததை அல்ல. கரப்பான் பயம் போகாவிட்டால் ரப்பரை எடுத்துவிட்டு, கதவின் கீழ்ப்பகுதியில் சட்டம் வெட்டி வலை வைத்த ஒரு கிரில் போடச் சொல்லுங்கள். வலை பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால் கிரில் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.

மாமியார் கேட்டது நல்ல கேள்வி, அதை அப்படித் தள்ளிவிட முடியாது. கியூர்பிப்பில் ஜூலை இரவுக் காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காடு இருந்தாலும் அந்தக் காற்று குளிர்ந்த காற்று, அதனால் அதிகத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. 15 டிகிரியில் 90 விழுக்காடு என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 11, 12 கிராம் தண்ணீர்தான் இருக்கும். நீங்கள் வெந்நீரில் குளித்து முடித்ததும் உள்ளே 25 டிகிரியில் ஆவி நிறைந்து நிற்கிற காற்றில் 23 கிராம். வருவது 11, போவது 23. ஈரமான ஊரிலும் ஃபேன் வேலை செய்வது இந்த வித்தியாசத்தால்தான். கோடையில் வெளியிலேயே 25 டிகிரியும் தூறலும் இருக்கும்போது வித்தியாசம் குறைந்துவிடும், அப்போது கூடுதல் நேரம் ஓடவிட வேண்டும். மாமியார் பாதி சரி என்று சொல்லி வையுங்கள், வீட்டில் சமாதானம் இருக்கும்.

இதிலிருந்தே இன்னொன்று. மணிக்கு 100 கன மீட்டர் தள்ளுகிற ஃபேன் எல்லாம் நன்றாக நடந்தால் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரை வெளியேற்றும். குளித்து முடித்ததும் டைல்ஸ், தரை, திரைச்சீலை, துவாலை எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிற தண்ணீரை யோசித்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஃபேனை அணைத்துவிட்டால் எப்படிக் காயும்? குறைந்தது அரை மணி நேரம் ஓட வேண்டும். கண்ணாடி துடைக்கிற ரப்பர் துடைப்பான் ஒன்று வாங்கி, குளித்தவர் சுவரை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வந்தால் பாதித் தண்ணீர் சாக்கடைக்கே போய்விடும், ஃபேனுக்கும் வேலை குறையும்.

பூசணம் ஏன் எப்போதும் கூரை மூலையில்? நம் ஊர் வீடு சிமெண்டுப் பெட்டி. 1960இல் அலிக்ஸ், கரோல் என்ற இரண்டு புயல்கள் சில வார இடைவெளியில் அடித்துவிட்டுப் போன பிறகு மரத்தையும் தகரத்தையும் விட்டு ஊரே கான்கிரீட்டுக்கு மாறியது. பழைய மர வீட்டில் பலகை இடுக்கெல்லாம் காற்று புகும், பாட்டி காலத்தில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அவசியமே இல்லை. கான்கிரீட் கூரை பகலில் வெயிலை வாங்கும், இரவில் வானத்தைப் பார்த்துக் குளிர்ந்துவிடும். காலை ஆறு மணிக்கு வெந்நீர் ஆவி அந்தக் குளிர்ந்த ஸ்லாபில் பட்டதும் அடிப்பக்கம் வியர்த்துக் கொட்டும். மூலையில் காற்று அசையாது, அதனால் அங்கே காய்வதுமில்லை. நாளைக் காலை குளித்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், கறுப்புப் புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் துளி துளியாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாகப் பெயின்ட். பூசணத்தின் மேல் பெயின்ட் அடித்தால் அது பெயின்டுக்கு அடியில் சௌகரியமாக வளரும். முதலில் ஜாவெல்லை, அதாவது ப்ளீச்சை, தண்ணீரில் கலந்து தடவி, பத்து நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஜன்னல் கதவெல்லாம் திறந்திருக்கட்டும். டாய்லெட் கழுவும் ஆசிட், வினிகர், அம்மோனியா கலந்த சோப்பு எதையும் ஜாவெல்லோடு சேர்க்கவே கூடாது, விஷ வாயு வரும். ஒரு வாரம் நன்றாகக் காயவிட்டு அப்புறம் பூசணம் பிடிக்காத பெயின்ட் அடியுங்கள். பெரிய ஃபேனுக்கு வைத்த பணம் மிச்சம்.

வாக்குவாவில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். குளியலறை நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.8, உயரம் 2.7. எத்தனை இஞ்ச் ஃபேன், எந்தச் சுவரில், எந்த உயரத்தில்? மேஸ்திரி எங்கே வேண்டுமானாலும் ஓட்டை போட்டுத் தருகிறேன் என்கிறார். எலக்ட்ரீஷியன் இன்னும் வரவில்லை.
வாசகர், வாக்குவா

தம்பி, எலக்ட்ரீஷியன் வருவதற்கு முன்பே கேட்டீர்களே, கெட்டிக்காரர். பெரும்பாலானவர்கள் டைல்ஸ் ஒட்டிய பிறகுதான் எழுதுவார்கள்.

மூன்று அளவையும் பெருக்குங்கள்: ஏறக்குறைய 11.7 கன மீட்டர். குளியலறைக் காற்று மணிக்கு எட்டிலிருந்து பத்து முறை மாற வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. ஆக மணிக்கு 95லிருந்து 120 கன மீட்டர். பிரிட்டன் கட்டட விதி நொடிக்கு 15 லிட்டர் போதும் என்கிறது, அதாவது மணிக்கு 54 கன மீட்டர். அது குறைந்தபட்ச அளவு. வாக்குவா ஈரத்துக்கு நான் அதோடு நிற்க மாட்டேன்.

கடையில் எக்ஸ்ட்ராக்டர் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். 100 மில்லிமீட்டர் வகையின் பெட்டியில் மணிக்கு 90, 95 கன மீட்டர் என்று போட்டிருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அது குழாய், மூடி, வலை எதுவும் இல்லாமல் திறந்த வெளியில் ஓட்டி அளந்தது. சுவரில் பதித்து, வெளியே மூடி போட்டு, எதிர்க்காற்றும் அடித்தால் நிச்சயம் குறையும். அதனால் உங்களுக்கு 120 மில்லிமீட்டர் வகை, பெட்டியில் 150 கன மீட்டர் பக்கம் போட்டிருப்பது. 150 மில்லிமீட்டர் வகை இந்த அறைக்குத் தேவையில்லை, குளித்துவிட்டு ஈர உடம்போடு நிற்பவர் நடுங்குவார். 120 போட்டால் கதவடி இடைவெளியையும் ஒன்றரை சென்டிமீட்டராக்கிவிடுங்கள், அதன் வாய் 113 சதுர சென்டிமீட்டர். தச்சரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

சத்தத்தையும் பெட்டியில் பாருங்கள். 25, 30 டெசிபல் என்றால் ஓடுவதே தெரியாது. 40 என்றால் காலை ஐந்து மணிக்குக் குளிப்பவர் வீட்டையே எழுப்புவார், ஒரு வாரத்தில் யாரோ ஒருவர் ஃபேனை அணைத்தே வைக்கப் பழகிவிடுவார். சத்தத்துக்குப் பயந்து அணைத்து வைத்த ஃபேன்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், கெட்டுப்போன ஃபேன்களைவிட.

எந்தச் சுவர்? இங்கேதான் நம் தீவுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. நமக்குக் காற்று வருடம் முழுக்கப் பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வருகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. தென்கிழக்குச் சுவரில் ஓட்டை போட்டால் உங்கள் 15 வாட் ஃபேன் ராப்பகலாகக் கடற்காற்றோடு மல்லுக்கட்டும். தோற்பது யாரென்று சொல்ல வேண்டுமா? மூடியின் தகடு இரவெல்லாம் டப் டப் என்று அடிக்கும், தூறல் உள்ளே தெளிக்கும். வடக்கு, மேற்குச் சுவர்களில் எது குளியலறைக்கு வாய்க்கிறதோ அதில் போடுங்கள். வேறு வழியே இல்லை, தென்கிழக்குதான் என்றால், வாய் தரையைப் பார்க்கிற குடை மூடி வாங்கி மாட்டுங்கள், நேராகக் காற்றைப் பார்க்கிற கிரில் வேண்டாம்.

அறைக்குள்ளே எங்கே? கதவுக்கு எட்டத்தில், ஷவருக்குக் கிட்டத்தில், முடிந்தவரை உயரத்தில். கதவடியில் நுழைகிற காற்று அறை முழுக்க நடந்து, ஷவரைக் கடந்து, மேலேறி வெளியே போக வேண்டும். அந்தப் பாதையை மனதில் ஒரு கோடாக இழுத்துப் பாருங்கள். கோடு அறையைக் குறுக்கே வெட்டினால் இடம் சரி. என் சொந்த வீட்டிலேயே நான் இதில் கோட்டை விட்டேன். கண்ணாடிப் பட்டை அடுக்கிய நாக்கோ ஜன்னலுக்கு ஒரு சாண் மேலே ஃபேனைப் பதித்தேன், ஓட்டை போட அங்கே வசதியாக இருந்தது என்பதற்காக. கண்ணாடிப் பட்டைகள் திறந்தே இருக்கும். ஜன்னலில் வந்த புதுக்காற்றை ஃபேன் அப்படியே உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டிருந்தது, ஷவர் மூலையில் ஆவி அசையாமல் நின்றது. ஒரு வருடம் கழித்து அந்த ஓட்டையை அடைத்து இன்னொன்று போட்டேன். மனைவி இன்றுவரை விருந்தாளிகளிடம் அந்த ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டுவார். ஃபேன் ஓடும்போது பக்கத்து ஜன்னல் மூடியிருக்க வேண்டும் என்பதை அப்படிக் கற்றேன்.

உயரம் என்றவுடன் மேஸ்திரி ஸ்லாபை ஒட்டி ஓட்டை போட்டுவிடப் போகிறார். அங்கே பீம் ஓடும், அதன் கம்பியை வெட்டக் கூடாது. பீம் முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே போதும். ஸ்லாபையே துளைத்து மேலே விடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், தட்டைக் கூரையில் நீங்களே போட்டுக்கொள்கிற ஒழுகலாகிவிடும் அது. முதலில் ஃபேனை வாங்கி, அதன் கழுத்தை அளந்து, அது நுழைகிற பி.வி.சி. குழாய்த் துண்டைக் கல் அடுக்கும்போதே வைத்துப் பூசிவிடுங்கள். குழாய் வெளிப்பக்கமாகத் துளி சாய்ந்திருக்கட்டும், உள்ளே ஆவி குளிர்ந்து தண்ணீரானால் அது வெளியே சொட்டுமே தவிர மோட்டாருக்குள் வராது.

எலக்ட்ரீஷியன் வந்ததும் சொல்ல வேண்டியவை. டைமர் வைத்த ஃபேன் வாங்குங்கள், விளக்கை அணைத்த பிறகும் அரை மணி நேரம் ஓடும் வகை. அதற்கு இரண்டு கம்பி போதாது. எப்போதும் உயிரோடிருக்கிற ஒன்று, விளக்கு சுவிட்சிலிருந்து ஒன்று, நியூட்ரல் ஒன்று என மூன்று கம்பிகளும் சுவரைப் பூசுவதற்கு முன்பே போயிருக்க வேண்டும். ஃபேனை முழுக்கத் துண்டிக்கிற சுவிட்ச் குளியலறைக்கு வெளியே. அந்த லைனுக்கு, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. கட்டாயம். ஷவர் ஓரத்திலிருந்து 60 சென்டிமீட்டருக்குள் அல்லது ஷவருக்கு நேர் மேலே வருகிறதென்றால் தண்ணீர் தெளித்தால் தாங்குகிற ஐ.பி.எக்ஸ். 4 குறியுள்ளது, அல்லது டிரான்ஸ்ஃபார்மரை வெளியே வைத்து ஓடுகிற 12 வோல்ட் வகை. ஈரப்பதத்தை உணர்ந்து தானே ஓடுகிற சென்சார் வகையைக் கடைக்காரர் உயர்வாகப் பேசுவார். வாக்குவாவுக்கு அது சரிப்படாது. 65 விழுக்காட்டில் வைத்தால் மேட்டு நிலத்தில் வருடத்தில் பாதி நாள் அது நிற்கவே நிற்காது. டைமருக்கே போங்கள்.

எங்கள் குளியலறையில் மேலே நாக்கோ ஜன்னல் இருக்கிறது, எப்போதும் திறந்திருக்கும். ஃபேன் அவசியமா?
வாசகி, போர்ட் லூயிஸ்

அவசியமில்லை அம்மா. உங்கள் ஊரில் வெயில் உண்டு, மழை குறைவு, மலை மறைவும் உண்டு. மேலே ஜன்னல், கீழே கதவடி, இரண்டும் திறந்திருந்தால் அதுவே போதும். கண்ணாடிப் பட்டைகளைத் துடைத்து வையுங்கள். கொசுவலையில் தூசி அடைத்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளியலறைக்குள் காஸ் ஹீட்டர் இருக்கிறது. ஜன்னல் சிறியது. அதை ஏற்றினால் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது, மகளுக்குக் குளித்து முடித்ததும் தலைவலி. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் சரியாகிவிடும் என்று தம்பி சொல்கிறான். எந்த ஃபேன் நல்லது?
வாசகர், ரோஸ் ஹில்

ஐயா, எந்த ஃபேனும் வேண்டாம். இதைப் படித்த நேரத்திலிருந்து அந்த ஹீட்டரை ஏற்றாதீர்கள்.

காஸ் சரியாக எரியக் காற்று வேண்டும். சின்ன அறையில் காற்று குறையும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அப்புறம் மயக்கம். கதவைத் தாழ்போட்டுக் குளிக்கிறவர் மயங்கி விழுந்தால் வெளியே இருப்பவருக்குத் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். உங்கள் மகளுக்கு வருகிற தலைவலியைச் சளி, வெயில் என்று எதன் மேலும் போடாதீர்கள். அவரை ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, ஹீட்டர் விஷயத்தையும் சொல்லுங்கள்.

ஃபேன் போட்டால் தீரும் என்று தோன்றுவது இயல்புதான், ஆனால் இங்கே அது நிலைமையை மோசமாக்கும். ஃபேன் அறைக் காற்றை இழுக்கும். உள்ளே வர வழி போதாவிட்டால் ஹீட்டரின் புகைக்குழாய் வழியாகவே காற்று தலைகீழாக இறங்கி வரும், மேலே போக வேண்டிய புகையையும் கூட்டிக்கொண்டு. புகைக்குழாயே இல்லாத ஹீட்டர் என்றால் சொல்லவே வேண்டாம். ஹீட்டர் பக்கத்து அறையில் இருந்தாலும் இதே ஆபத்து உண்டு, குளியலறை ஃபேன் கதவடி வழியாக அந்த அறைக் காற்றைத்தானே இழுக்கிறது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். ஹீட்டரை வீட்டுக்கு வெளியே, திறந்த வெளிச் சுவரில், ஜன்னலும் கதவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். காஸ் வேலை தெரிந்தவர் செய்ய வேண்டும். நம்மில் பலர் ஏற்கெனவே அப்படித்தான் வைத்திருக்கிறோம், இல்லையென்றால் மாடியில் சோலார். அது முடிந்து சில வாரம் கழித்தும் குளியலறை காயவில்லை என்றால் அப்போது எழுதுங்கள், ஃபேன் பற்றிப் பேசலாம்.

காத்ர் போர்னில் அடுக்குமாடி வீடு. குளியலறை நடுவில் இருக்கிறது, வெளிச்சுவர் கிடையாது. ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு ஃபேன் இருக்கிறது, ஓடுகிறது, ஆனால் சீலிங் பலகையே ஊறிப்போய் மஞ்சள் கறை படிகிறது. மாலையில் யார் வீட்டிலோ கருவாடு பொரிக்கிற வாசனையும் அதே ஃபேன் வழியாக வருகிறது.
வாசகர், காத்ர் போர்ன்

கருவாட்டு வாசனையிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. உங்கள் ஃபேன் எப்படியோ கட்டடத்தின் பொதுப் புகைவழியோடு சேர்ந்திருக்கிறது. திரும்பி வராமல் தடுக்கிற தகடு இல்லை, அல்லது அழுக்கேறித் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மேல் தப்பில்லை, கருவாடு பொரித்தால் மணக்கத்தான் செய்யும்.

சீலிங் ஊறுவது வேறு. பலகையைக் கழற்றி மேலே பார்க்கச் சொல்லுங்கள். குழாய் ஃபேனை விட்டுக் கழன்று கிடக்கும், அல்லது யாரோ குழாயே போடாமல் பலகைக்கு மேலே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஆவியெல்லாம் பலகைக்கும் ஸ்லாபுக்கும் நடுவில் போய்த் தங்குகிறது, இரவில் சொட்டுகிறது. இது நான் அடிக்கடி பார்க்கிற வேலைதான், கீழிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

புதிதாகச் செய்வதென்றால் சுவரில் பதிக்கிற சாதாரண இறக்கை ஃபேன் உங்களுக்கு உதவாது. அது ஒரு சுவர் தடிமனுக்குத்தான் தள்ளும், மூன்று நான்கு மீட்டர் குழாய் என்றால் மூச்சு வாங்கும். குழாயின் நடுவில் மாட்டுகிற இன்லைன் வகையோ சென்ட்ரிஃபியூகல் வகையோ வேண்டும். மோட்டார் தூரத்தில் இருப்பதால் சத்தமும் குறைவு. அக்கார்டியன் மாதிரி மடிகிற குழாயை இழுத்து விறைப்பாகக் கட்ட வேண்டும். தொய்ந்து தொங்கினால் தொய்வில் தண்ணீர் தேங்கும், ஒவ்வொரு திருப்பத்திலும் காற்று பலமிழக்கும். முடிந்த இடத்திலெல்லாம் நேரான பி.வி.சி. குழாய் போடுங்கள். புகைவழிக்குள் நுழைகிற இடத்தில் திரும்பாத் தகடு ஒன்று. பொதுப் புகைவழியில் கை வைப்பதற்கு முன் கட்டட நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா வீட்டுக்கும் சேர்ந்தது அது.

ஃபேன் தினமும் மூன்று மணி நேரம் ஓடினால் கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?
வாசகி, மாஹேபூர்

15 வாட் ஃபேன் மூன்று மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 45 வாட் மணி. மாதத்துக்கு ஒன்றரை யூனிட்கூட இல்லை. இதற்காக அணைத்து வைக்காதீர்கள்.

2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது ஃபேன் ஓட்டை வழியாக மழை அடித்துக் குளியலறை முழுக்கத் தண்ணீர். அடுத்த முறை என்ன செய்வது?
வாசகர், ஃப்ளிக் அன் ஃப்ளாக்

புயலுக்குத் தாங்குகிற ஃபேன் மூடி என்று எதையும் நம்பி உட்கார வேண்டாம். கிளாஸ் 2 புயல் எச்சரிக்கை அறிவித்ததும், ஏணியில் ஏற இன்னும் பாதுகாப்பாக இருக்கும்போதே, ஃபேனை பிரேக்கரில் அணைத்துவிட்டு வெளி மூடிக்கு மேல் ஒரு பலகையோ தகடோ திருகி இறுக்குங்கள். நான்கு திருகு ஓட்டையை இப்போதே போட்டு, பலகையை அளவாக வெட்டி, மேலே குளியலறை என்று எழுதி ஷட்டர்களோடு வைத்துவிடுங்கள். காற்று எழுந்த பிறகு வெளியே போக வேண்டாம், உள்பக்கம் பிளாஸ்டிக் பையைச் சுருட்டித் திணித்து டேப் ஒட்டினால் ஓரளவு தாங்கும். எல்லாம் ஓய்ந்த பிறகு, மோட்டார் நனைந்ததா என்று பார்க்காமல் சுவிட்சைப் போடாதீர்கள். நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

மூன்று வருடமாக நன்றாக ஓடிய ஃபேன் இப்போது தக தகவென்று சத்தம் போடுகிறது, இழுப்பும் இல்லை. புதிது வாங்கட்டுமா?
வாசகி, போ பாசேன்

பொறுங்கள். பிரேக்கரை அணைத்துவிட்டு முன்மூடியைக் கழற்றிப் பாருங்கள். மூன்று வருடம் திறக்காமல் இருந்திருந்தால் இறக்கை மேல் துவாலைப் பஞ்சும் பவுடரும் ஈரத்தோடு சேர்ந்து கம்பளி மாதிரி அப்பியிருக்கும். ஒரு பக்கம் கனம் கூடினால் இறக்கை ஆடும், அதுதான் தக தக. காய்ந்த பெயின்ட் பிரஷால் தட்டி எடுங்கள், மோட்டார் பக்கம் தண்ணீர் வேண்டாம். வெளியே போய் மூடியையும் பாருங்கள். கொசுவுக்குப் பயந்து நாம் பொடி வலை போட்டு வைக்கிறோம், 2006 சிக்குன்குன்யாவைப் பார்த்தவர்கள் வேறென்ன செய்வோம், ஆனால் அந்த வலை இரண்டு மாதத்தில் தூசியால் கம்பளமாகிவிடும். தகடு தானாக மூடிக்கொள்கிற வகையாக இருந்தால் வலையே தேவையில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இதே சத்தம் என்று போனேன். தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் பல்லி ஒன்று குடியிருந்தது, இரண்டு முட்டையோடு. தகடு பாதி திறந்தபடி நின்றதற்கு அதுதான் காரணம்.

முன்மூடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அப்போதும் சத்தம் நிற்காவிட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது, புதிது வாங்க வேண்டியதுதான். பழையதன் கழுத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.